சுளுக்கு என்று முடிவு கட்டுமுன்: தசை, தசைநார்க் காயங்களை இனம் கண்டு குணப்படுத்தும் முறை

இயன்முறை சிகிச்சை அறைக்குள் நொண்டிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், உட்காருவதற்கு முன்பே தங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறார்கள்: சுளுக்கு. கணுக்கால் மடங்கியவரும் அதையே சொல்கிறார். ஓடும்போது தொடையின் பின்புறம் சுரீரென்று இழுத்துக்கொண்டவரும் அதையே சொல்கிறார். தூங்கி எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனவரும் அதையே சொல்கிறார். சிலர் நரம்பு பிசகிவிட்டது என்பார்கள். முழங்கால் என்றால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்பார்கள். பேச்சுக்கு இந்தச் சொற்கள் போதும். சிகிச்சை என்று வரும்போது, காயப்பட்டது எது என்று தெரியாமல் செய்கிற உதவி உபத்திரவமாக முடிந்துவிடும். ஒரே காயத்துக்கு முதல் நாளில் தீங்கு செய்வது பத்தாம் நாளில் மருந்தாகிறது என்பதையும், எத்தனையோ பேரின் கால்களைப் பார்த்த பிறகு, அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காயப்பட்டது எது?

தசை என்பது நாம் சதை என்று சொல்வது. சுருங்கியும் நீண்டும் உடலை அசைப்பது. அதன் முனை கயிறு போல இறுகி எலும்பில் போய் ஒட்டும் பகுதி தசைநாண். குதிகாலுக்கு மேலே இரு விரல்களால் பற்றிப் பார்க்கக்கூடிய கெட்டியான கயிறு அதுதான். தசைநார் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது எலும்பையும் எலும்பையும் பிணைத்து, மூட்டு தன் எல்லையைத் தாண்டாமல் பிடித்து வைக்கும் பட்டை. ஜவ்வு என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பையும் அதே பெயரால் சொல்வதால், ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. இவற்றில் எதுவும் நரம்பு கிடையாது. நரம்பு அடிபட்டால் மரத்துப்போகும், ஊசி குத்துவது போலிருக்கும், பாதத்தையோ விரலையோ தூக்க முடியாமல் போகும். அந்த அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே வேலையில்லை.

வீட்டிலேயே ஓரளவு பிரித்தறிய ஒரு வழி உண்டு. தசை கிழிந்திருந்தால், அந்தத் தசையை இறுக்கும்போதும் வலிக்கும், இழுத்து நீட்டும்போதும் வலிக்கும். வலிக்கும் இடம் மூட்டைவிட்டுத் தள்ளிச் சதைப்பற்றான பகுதியில் இருக்கும். தசைநார் காயப்பட்டிருந்தால் வலியும் வீக்கமும் மூட்டை ஒட்டியிருக்கும். அடிபட்ட திசையிலேயே மூட்டை மெல்லத் திருப்பினால் வலி எழும், எதிர்த் திசையில் திருப்பினால் அவ்வளவாக இருக்காது. இரு வகைக் காயங்களையும் மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் படியில் சில இழைகளே அறுபடுகின்றன, நடக்க முடியும். இரண்டாம் படியில் ஒரு பகுதி கிழிகிறது, வீக்கமும் நீலம் பாய்தலும் தெரியும், நடை கெடும். மூன்றாம் படியில் முழுதும் அறுந்துவிடுகிறது. முழுதும் அறுந்தவருக்கு முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு வலி குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால், வலியின் அளவை மட்டும் வைத்துக் காயத்தின் அளவை எடைபோடக் கூடாது.

தசையில் இரத்த ஓட்டம் மிகுதியாக இருப்பதால் சிறிய கிழிசல்கள் இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடுகின்றன. தசைநாரில் இரத்த ஓட்டம் குறைவு. வலி மூன்று வாரத்தில் அடங்கினாலும் நார் தன் பழைய உறுதியை எட்டப் பல மாதங்கள், பெரிய கிழிசலில் ஓராண்டுகூட ஆகலாம். வலி போயிற்றே என்று ஆட இறங்கியவர் அதே இடத்தில் மறுபடி அடிபடுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

முதலில் எலும்பைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் அடிக்கடி நேர்வது கணுக்கால் காயம் என்பதால் அதை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். பேருந்துப் படியிலிருந்து இறங்கும்போதோ, வாலிபாலில் எகிறிக் குதித்து மற்றவர் பாதத்தின் மேல் இறங்கும்போதோ, பாதம் உட்புறமாக மடங்குகிறது. அப்போது வெளிக்கணுவுக்கு முன்புறம் இருக்கும் தசைநார்தான் முதலில் கிழிகிறது. வெளிப்புறம் இருக்கும் மூன்று நார்களில் அதுவே வலுக் குறைந்தது. விசை கூடினால் அதற்குக் கீழே இருப்பதும் சேர்ந்து கிழியும்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகரில் மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு 1992-இல் வகுத்த விதிகளை உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். அவற்றை எவரும் கற்றுக்கொள்ளலாம். அடிபட்டவரை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரலின் நுனியால் வெளிக்கணு எலும்பின் கீழ்முனையைத் தொட்டு, அங்கிருந்து எலும்பின் பின் ஓரமாக மேல்நோக்கி 6 செ.மீ. தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று நான்கு விரல் அகலத்துக்கு, விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே செல்லுங்கள். உட்கணுவிலும் அப்படியே செய்யுங்கள். பின்பு பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உட்கணுவுக்கு முன்னால் பாத வளைவின் உச்சியில் தட்டுப்படும் எலும்பையும் அழுத்துங்கள். இந்த நான்கு இடங்களில் எங்கேனும் எலும்பின் மேல் நேராக அழுத்தும்போது வலித்தாலும், அடிபட்ட உடனேயும் இப்போதும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பில் வலியில்லாமல், கணுவுக்கு முன்னும் கீழும் உள்ள மெத்தென்ற பகுதியில் மட்டும் வலி இருந்து, நான்கு அடி வைக்கவும் முடிந்தால், முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தச் சோதனை எல்லோருக்கும் பொருந்தாது. மது அருந்தியிருப்பவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் ஆகியோரின் வலியை நம்ப முடியாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு தசைநாரைவிட வலுக் குறைந்தது. பெரியவருக்கு நார் கிழியும் அடியில் பிள்ளைக்கு அந்தத் தட்டு பிளக்கும். அதனால் பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், சுளுக்குதான் என்று இரண்டு நாள் காத்திருக்காமல் அன்றே காட்டிவிடுங்கள்.

முதல் மூன்று நாட்கள்

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் சொன்னது உலகெங்கும் பாடமாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வீக்கம் என்பது உடல் பழுதுபார்க்க ஆட்களை அனுப்புவதன் அடையாளம். அதை முற்றிலும் அடக்குவது நோக்கமாக இருக்கக் கூடாது. ஆகவே பனிக்கட்டியை இன்று வலியைத் தணிக்கும் பொருளாக மட்டுமே சொல்கிறேன். ஈரத் துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில், முதல் ஓரிரு நாட்கள் வைத்தால் போதும். வெறும் தோலின் மேல் வைக்க வேண்டாம்; உணர்ச்சி குறைந்த பாதத்தில் வைக்கவே வேண்டாம்.

அழுத்தக் கட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்துக் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கணுவிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அப்படிச் சுற்றினால் நீர் விரல்களில் போய்த் தேங்கும். கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்குங்கள். பாதத்தை இரண்டு சுற்று சுற்றி, பின்பு பாதத்துக்கும் கணுவுக்கும் மாறி மாறி எட்டு என்ற எண்ணைப் போடுவது போல் கொண்டுபோங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். குதிகால் இடைவெளியில்லாமல் மறைய வேண்டும். கணுவுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் முடிக்க வேண்டும். மேலே போகப் போக இறுக்கம் சற்றுத் தளர வேண்டும். கட்டியதும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கவில்லை என்றாலோ, விரல்கள் சில்லிட்டு மரத்தாலோ, அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இரவில் கழற்றிவிட்டு, காலைத் தலையணைகளின் மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைத்துப் படுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் நாளொன்றுக்கு எந்நிலையிலும் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் களிம்பை மேலே பூசுவதும் பயன் தருகிறது. ஆனால் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்கள் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி விழுங்குவது ஆபத்து.

நடக்க ஊன்றுகோல் தேவைப்பட்டால், ஒற்றைக் கோலை அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இதைச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பி, வீட்டுப் படியில் இரண்டாம் முறை விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உருவுவதைப் பற்றி

கல்லூரியில் படிக்கும்போது வாலிபால் ஆட்டத்தில் எனக்கு வலது கணுக்கால் மடங்கியது. அன்று மாலையே ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி, கட்டைவிரல்களால் வீக்கத்தை மேலிருந்து கீழே அழுத்தி வழித்து, கடைசியில் பாதத்தைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினார். அன்பினால் செய்தார், காசுகூட வாங்கவில்லை. அன்று இரவே கால் முழங்கால்வரை வீங்கிக் கத்தரிப்பூ நிறமாயிற்று. மூன்று வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய காயம் மூன்று மாதம் இழுத்தது.

கிழிந்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அப்போதுதான் அடைபடத் தொடங்கியிருக்கும். அழுத்தி உருவும்போதும் சூடு வைக்கும்போதும் அவை மறுபடி திறந்துகொள்கின்றன. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தொடையின் முன்புறத்தில் பலமாக அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டியிருக்கும்போதும், முழங்கை அடிபட்டிருக்கும்போதும் திரும்பத் திரும்ப உருவினால், தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி வளர்ந்துவிட்டால் மூட்டை மடக்குவதே கடினமாகிவிடும். புளியும் உப்பும் காய்ச்சிப் போடும் பற்றையோ, நொச்சியிலை ஒத்தடத்தையோ நான் வெறுக்கவில்லை. முதல் மூன்று நாட்கள் கடந்து, வீக்கம் வளர்வது நின்ற பிறகு, இதமான சூடு இறுக்கத்தைத் தளர்த்தி ஆறுதல் தரத்தான் செய்கிறது. அந்த மூன்று நாட்களில் சூடு, அழுத்தி உருவுதல், மது, ஓட்டம் ஆகிய நான்கும் கூடாது.

அசைவே மருந்தாகும் நாட்கள்

உருவுவது ஒரு பிழையென்றால், பயந்துபோய் ஒரு மாதம் காலைத் தரையில் வைக்காமல் இருப்பது மற்றொரு பிழை. புதிதாக உருவாகும் நார்கள் தாறுமாறாகவே பின்னப்படுகின்றன. அளவான சுமை விழும்போதுதான் அவை இழுவிசை வரும் திசையில் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. சுமையே இல்லாத நார் வலுவற்ற தழும்பாக நின்றுவிடுகிறது. எவ்வளவு சுமை என்பதற்கு நான் சொல்லும் அளவுகோல் இது: வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டால், பயிற்சியின்போது மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

கணுக்காலுக்கு இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலைப் பேனாவாக எண்ணி, அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்துகளையும் காற்றில் பெரிதாக எழுதுங்கள். நம் எழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் மூட்டை எல்லாத் திசைகளிலும் கொண்டுபோகின்றன. நாளுக்கு மூன்று முறை போதும். ஊன்றி நடக்க முடிந்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி மெல்ல இறக்குங்கள்; பதினைந்து முறை எளிதாக வந்த பிறகு ஒற்றைக் காலில் செய்யுங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் பயிற்சி சமநிலைப் பயிற்சி. தசைநாருக்குள் மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்விழைகள் இருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் கெடுகின்றன. ஒரு முறை மடங்கிய கணுக்கால் சமதளத்திலேயே மறுபடி மறுபடி மடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். 30 நொடி ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி நில்லுங்கள், அருகில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கட்டும். அதன் பிறகு மடித்த தலையணையின் மேல் நில்லுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

தொடைப் பின்தசை

ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், தொடையின் பின்தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தை அடக்குகிறது. கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் கடைசி நாளில் இந்தத் தசை கிழிந்த நிலையில் இந்தியக் கிரிக்கெட் வீரர் ஹனுமா விஹாரி 161 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 23 ரன்கள் எடுத்து, அஷ்வினோடு சேர்ந்து ஆட்டத்தைக் காத்தார். நின்று தடுத்தாட அவரால் முடிந்தது, ஓட முடியவில்லை. அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் ஆடவும் இல்லை. நிற்கவும் நடக்கவும் முடிகிறது என்பதை வைத்து ஓடத் தகுதி வந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

இதில் பலர் செய்யும் தவறு, இறுக்கமாக இருக்கிறதே என்று முதல் வாரத்திலேயே குனிந்து கால்விரலைத் தொட்டு இழுப்பது. கிழிந்த துணியின் இரு முனைகளையும் பற்றி இழுப்பதற்கு அது சமம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகால்களை ஊன்றி இடுப்பை உயர்த்தும் பயிற்சியில் தொடங்குங்கள். அது வலியின்றி வந்ததும், குதிகால்களைச் சற்றுத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பின்பு ஒற்றைக் காலில். ஆட்டத்துக்குத் திரும்புமுன், மண்டியிட்டு நின்று, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி முன்னோக்கி மெல்லச் சாயும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். இதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் இந்தக் காயம் பாதியளவு குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. கபடி, கால்பந்துப் பயிற்சியாளர்கள் இதற்கு வாரம் இரு நாள் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெண்டைக்காலில் இரவில் பிடிக்கும் குரக்களி கிழிசல் அன்று. பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால் விட்டுவிடும். ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணான குதிநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச் சதையைப் பிசையுங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் தசைநாண்களைப் பலவீனப்படுத்தக்கூடியவை. 60 வயது கடந்தவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் குதிநாண் வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முழங்காலும் உடனே செல்ல வேண்டிய நேரங்களும்

முழங்கால் திருகி, உள்ளே ‘டப்’ என்று கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் பந்து போல வீங்கினால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்குறுக்குத் தசைநார் (ACL) கிழிந்திருக்க வாய்ப்பு மிகுதி. மறுநாள் மெல்ல வரும் வீக்கம் அவ்வளவு அஞ்சத்தக்கதல்ல. உட்பக்கத் தசைநார் பெரும்பாலும் அறுவையில்லாமலே ஆறிவிடும். முன்குறுக்குத் தசைநார் கிழிந்த எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. திடீரெனத் திசை மாற்றி ஓடும் ஆட்டக்காரர்களுக்கும், படி இறங்கும்போதே கால் வழுக்கி விலகுபவர்களுக்கும் தேவைப்படும். அறுவை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடுகிறது. 2022 டிசம்பர் 30 அன்று நடந்த கார் விபத்தில் முழங்கால் தசைநார்கள் கிழிந்த ரிஷப் பந்த், எல்லா வசதிகளும் இருந்தும், 2024 மார்ச்சில்தான் போட்டிக்குத் திரும்ப முடிந்தது.

காயத்துக்குப் பிறகு மூட்டு உருமாறித் தெரிந்தாலும், பாதம் வெளுத்துச் சில்லிட்டாலும், முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டாலும் தாமதிக்க வேண்டாம். கெண்டைக்கால் கல் போல் இறுகி, விரலை மெல்ல நீட்டினாலே தாங்க முடியாத வலி எழுந்தால், தசையைச் சூழ்ந்த இறுக்கமான உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நெரிபடுகிறது. அது சில மணி நேரத்தில் தசையைக் கொன்றுவிடும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடியே படாமல், நெடும்பயணத்துக்குப் பிறகோ படுக்கையில் கிடந்த பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம். அதை உருவவே கூடாது.

மறுபடி எப்போது ஆடலாம் என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒற்றைக் காலில் ஒரே தாவலாக முன்னே குதித்து, தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அடிபட்ட காலின் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்ட வேண்டும். பின்பு எட்டு வடிவில் ஓடிப் பாருங்கள், முதலில் பெரிய வட்டங்களாக, பிறகு சிறிய வட்டங்களாக. மறுநாள் காலை வீக்கம் இல்லையென்றால், கணுக்காலுக்கு உறை அணிந்துகொண்டு பாதி நேர ஆட்டத்தில் தொடங்கலாம். அந்த உறையை அடுத்த சில மாதங்களுக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் அணிந்துகொள்ளுங்கள்.